ஒன்பதாம் ஃபோல்டர்

சின்ன ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் பதினோரு சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள் இருக்கின்றன. ஆகவே சொந்தபந்தத்தில் கைக்கடிகாரம் நின்றாலும் மிக்ஸி நின்றாலும் என் கவுண்டரில்தான் வந்து இறங்கும். ஒருமுறை பெரியப்பாவின் காது மெஷினே வந்தது. அதை நான் சரிசெய்ததாக அவர் இன்றுவரை நம்புகிறார். பேட்டரியைத் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அக்கா போன் செய்தாள்.

"தம்பி, கம்ப்யூட்டர் எழுந்திரிக்க மாட்டேங்குது."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணினியா?"

"அத்தான் ஆறு தடவை பண்ணிட்டார். ஒவ்வொரு தடவையும் நோட்டுல நேரம் எழுதிக்கிட்டார்." அடுத்து அவள் சொன்னதுதான் விஷயம். "இன்னிக்கு நாலு மணிடா."

நான் ஷட்டரை இறக்கினேன்.

நாலு மணி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். வேலை பார்த்துக்கொண்டே ஒன்பது வருஷமாக ஓர் ஆய்வு செய்துவந்தாள். தலைப்பு, பேருந்து நிறுத்தங்களில் மனிதர்கள் காத்திருக்கும் விதங்கள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவள் பாட்டுக்கு மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நகரத்தில் உள்ள நாற்பத்தொரு நிறுத்தங்களில் உட்கார்ந்து, யார் எப்படி நிற்கிறார்கள், எத்தனை தடவை மணி பார்க்கிறார்கள், எந்த நிமிஷத்தில் பெருமூச்சு விடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகம் மூன்று முறை தவணை கொடுத்தது. மூன்றாவது கடிதத்தில் நான்காவது தவணை கிடையாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆய்வேட்டை ஒரு பென் டிரைவில் போட்டு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். மின்னஞ்சலில் வருவதை ஏற்பதில்லை என்பது அந்த அலுவலகத்தின் கொள்கை. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஒன்பது வருஷமும் போச்சு.

அந்த ஆய்வேடு ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. எழுந்திரிக்க மறுத்த அந்தப் பெட்டிக்குள்.

ஏன் ஒரே இடம் என்று கேட்டால் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தான் பிஸ்கட் அடைக்கும் தகர டப்பாக்கள் செய்கிற தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பிஸ்கட் இல்லை, டப்பா. டப்பாவிலும் மூடி வேறு துறை. பணியில் இருந்த முப்பத்தோரு வருஷத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றறிக்கைகள் அனுப்பியிருக்கிறார். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே 'சுற்றறிக்கை'தான். ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டு ஃபிரிட்ஜில் முதல் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. மூன்றாம் நாள் வீட்டுக் கம்ப்யூட்டர் அவருடைய நிர்வாகத்தின் கீழ் வந்தது. எல்லா ஃபைல்களுக்கும் எண். எண்களுக்கு ஒரு பதிவேடு. வியாழக்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்குப் பேக்கப். வீட்டில் வேறு யாரும் பென் டிரைவ் செருகக் கூடாது, வைரஸ் வரும்.

"நான்தான் வாராவாரம் எடுக்கிறேனே, நீ எதுக்குத் தனியா?" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள், இதற்கெல்லாம் சண்டை போட முடியுமா? விட்டுவிட்டாள்.

நான் போனபோது அத்தான் மேஜைமுன் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கையில் நோட்டு. மானிட்டரில் கறுப்புத் திரை, அதன் மூலையில் ஒரே ஒரு வெள்ளை வரி. துவக்குவதற்கு உரிய வட்டு கிடைக்கவில்லை, சரியான வட்டைச் செருகி ஏதேனும் ஒரு கீயை அழுத்தவும் என்று அர்த்தம் வருகிற ஆங்கில வரி. பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். வெளியே போகும் புடவை, தோளில் கைப்பை. தலை மட்டும் பாதி வாரியபடி நின்றிருந்தது.

"வா மச்சான், உட்காரு. பதற்றப்படக் கூடாது. இதுக்குப் பதினாலு கட்ட நடைமுறை ஒண்ணு தயார் பண்ணியிருக்கேன். இப்ப நாலாவதுல இருக்கோம்."

"நாலாவது என்ன அத்தான்?"

"பயனாளிகளிடம் விசாரணை." அக்காவைப் பார்த்தார். "கடைசியா எப்ப ஆஃப் பண்ணினே?"

"எத்தனை தடவைங்க சொல்றது? நேத்து ராத்திரி பத்தரை."

"பத்தரையா, பத்து முப்பத்தஞ்சா?"

அக்கா கைப்பையைத் திறந்தாள். சீப்பை எடுத்து மீதித் தலையை வாரினாள். அந்தச் சீப்பு போன வேகத்தைப் பார்த்திருந்தால் எவனும் ஐந்தாவது கட்டத்துக்குப் போயிருக்க மாட்டான். அத்தான் போனார். ஐந்து, மின்சாரம் வருகிறதா என்று டேபிள் ஃபேனைச் செருகிப் பார்த்தல். ஃபேன் சுற்றியது, நோட்டுப் பக்கங்கள் பறந்தன, பொறுக்கி அடுக்க ஏழு நிமிஷம். ஆறு, கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுதல். பொட்டுக்கடலை நாலு விழுந்தது. அதையும் எழுதிக்கொண்டார். ஏழு, எல்லா ஒயரையும் கழற்றி மாட்டுதல்.

இதை என்னிடம் விட்டார். மேஜைக்கு அடியில் நுழைந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினேன். பெட்டியின் பின்பக்கம் ஒரு பென் டிரைவ் செருகியிருந்தது. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக அகலமான டேப். டேப்பின்மேல் அச்சடித்த லேபிள்: 'நிரந்தரப் பேக்கப். அகற்றக் கூடாது.'

"அத்தான், இதையும் கழட்டட்டுமா?"

"படிக்கத் தெரியும்ல?"

"இல்லே, சும்மா ஒரு தடவை..."

"மச்சான், நேத்து சாயங்காலம்தான் அதை நிரந்தரமாக்கினேன். இதுவரைக்கும் வாராவாரம் செருகி, எடுத்து, பீரோவுல வச்சுப் பூட்டிக்கிட்டிருந்தேன். அதுல ஒரு ஆபத்து இருக்கு. எடுத்து வைக்கிற வழியில கீழே விழலாம். இனிமே அது அங்கேயே இருக்கும். இன்னிக்கு நம்ம மானத்தைக் காப்பாத்தப் போறதே அதுதான்."

நான் கழற்றவில்லை. லேபிள் ஒட்டியிருந்தால் தொடாமல் இருக்கும் ஜாதி நான். நானும் அந்த ஏழாவது கட்டத்தில் ஒரு முட்டாள்தான்.

பன்னிரண்டு மணிக்குப் பதினோராவது கட்டம் வந்தது. பெட்டியின் உள் அமைப்புத் திரை ஒன்று உண்டு. ஆன் செய்தவுடன் ஒரு கீயை அழுத்தினால் நீல நிறத்தில் வரும். அத்தான் அதற்குள் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு வரியாகப் படித்து, "எல்லாத்தையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்துடறேன். ஒழுங்கு ஆரம்பத்துலேர்ந்து வரணும்" என்று சொல்லி எதையோ அழுத்தினார். பெட்டி ஒரு பீப் விட்டது. அந்த வெள்ளை வரி மறுபடியும் வந்தது.

"ஏங்க, போதும். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில கொண்டுபோய்க் கொடுத்துடலாம்."

"கடைக்காரனா? அவன் என்ன படிச்சிருப்பான்?" அத்தான் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சி.டி.யை எடுத்தார். "பன்னிரண்டாவது கட்டம். புதுசாவே ஏத்திடலாம்."

"புதுசா ஏத்தினா பழசு என்னாகும்?" என்றேன்.

"சுத்தமாயிடும்."

அந்தச் 'சுத்தம்' என்ற வார்த்தையை அவர் எவ்வளவு ஆசையோடு சொன்னார் என்பதை நான் மறக்கவே மாட்டேன். அக்கா மேஜையைச் சுற்றி வந்தாள். குனிந்தாள், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள், ஒயரைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"தம்பி, பெட்டியைத் தூக்கு."

*

கடை இரண்டு தெரு தள்ளி, ஒரு லாண்டரிக்கும் சாவி போடுகிறவருக்கும் நடுவில் இருந்தது. வாசலில் பழைய பிரிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. உள்ளே ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடியோடு சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அத்தான் கடைக்காரரை எதிர்பார்த்து அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மெக்கானிக் இல்லையாம்மா?"

"இருக்கேன். சொல்லுங்க."

அத்தான் நோட்டைத் திறந்தார். "காலை ஏழு ஐம்பதுக்கு முதல் முயற்சி. ஏழு ஐம்பத்திரண்டுக்கு..."

மெக்கானிக் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். லேபிளைப் படித்தார். ஒரே இழுப்பில் டேப்பை உரித்துப் பென் டிரைவைப் பிடுங்கி மேஜையில் போட்டார்.

"யம்மா! அகற்றக் கூடாதுன்னு..."

"இது செருகியிருந்தா பெட்டி முதல்ல இதுக்குள்ளதான் போய்த் தேடும் சார். இதுல துவக்கிவிடற சமாச்சாரம் எதுவும் இல்லே. அதான் கிடைக்கலைன்னு சொல்லுது. காலையில இதைப் பிடுங்கியிருந்தா அப்பவே எழுந்திருக்கும்."

நான் கூரையைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். அத்தான் பென் டிரைவைப் பார்த்தார்.

மெக்கானிக் அம்மா ஆன் செய்தார். பெட்டி எழுந்திரிக்கவில்லை. இப்போது வேறொரு வரி.

"செட்டிங்ல யாராவது கை வச்சீங்களா?"

"சில மேம்பாடுகள் செய்தேன்" என்றார் அத்தான்.

"மேம்பாடு." அவர் அந்தச் சொல்லை வாயில் ஒரு சுற்று சுற்றிவிட்டு அக்காவிடம் திரும்பினார். "உள்ள என்னம்மா இருக்கு?"

அக்கா சொன்னாள். ஒன்பது வருஷம், நாலு மணி, இரண்டே வாக்கியம்.

மெக்கானிக் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பத்து. "அப்போ பெட்டியை அப்புறம் பார்ப்போம். முதல்ல சரக்கை எடுத்துடலாம். உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க் வட்டு நல்லா இருந்தா பெட்டி எழுந்திரிச்சா என்ன, எழுந்திரிக்காட்டி என்ன."

நாலு திருகாணி. வட்டை வெளியே எடுத்து ஒரு ஒயரில் மாட்டித் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். நானும் கேட்டேன். மெல்லிய ரீங்காரம், ஒரே சீராக. "சத்தம் சுத்தமா இருக்கு" என்றார். அத்தான் சொன்ன அதே வார்த்தைதான்; இவர் சொன்னபோது கேட்க நன்றாக இருந்தது.

"அதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் அத்தான். "பேக்கப் கையிலேயே இருக்கே. நூற்றைம்பது வாரமா எடுத்திருக்கேன். அதைப் போடுங்க."

போட்டார். பென் டிரைவ் திறந்தது. உள்ளே தேதி வாரியாக அழகான வரிசை. ஒன்றைத் திறந்தார். 'ஆய்வேடு - இறுதி' என்ற ஐகான் கண்ணில் பட்டது. அக்கா மூச்சு விட்டாள். மெக்கானிக் அம்மா அதைத் தட்டினார். இந்த முகவரியில் எதுவும் இல்லை என்றது திரை. இன்னொரு வாரம் திறந்தார். எதுவும் இல்லை. இன்னொரு வாரம்.

"சார், ஐகான் மூலையில குட்டியா ஒரு அம்புக்குறி தெரியுதா? இதெல்லாம் ஷார்ட்கட். ஃபைல் இல்லே. ஃபைல் எங்க இருக்குன்னு காட்டற கைகாட்டி."

"இருக்க முடியாது. வாராவாரம் எடுத்த பிறகு பென் டிரைவிலிருந்தே திறந்து சரிபார்ப்பேன். ஒரு வாரம்கூடத் திறக்காம இருந்ததில்லே. நோட்டுல கையெழுத்தே போட்டிருக்கேன்."

"திறக்கும் சார். அதே பெட்டியில செருகித் திறந்தா திறக்கும். கைகாட்டி பெட்டிக்குள்ள இருக்கிறதைக் காட்டும், அது திறக்கும். வெளியே கொண்டுவந்தா எதைக் காட்டும்?" மொத்த அளவைப் பார்த்தார். "நூற்றைம்பது வாரமும் சேர்ந்து ஒரு போட்டோ அளவுகூட வரலை. வீட்டைப் பத்திரப்படுத்தச் சொன்னா, வீட்டு விலாசத்தை நூற்றைம்பது தடவை எழுதி வச்சிருக்கீங்க."

அத்தான் நோட்டை மூடினார்.

"சரி, வட்டுலயே தேடுவோம். இந்த விலாசத்துல தெருப் பேர்தான் இருக்கு, கதவு எண் இல்லே. ஃபைல் பேர் என்னம்மா?"

"எனக்கு அந்த ஐகான்தாங்க தெரியும்" என்றாள் அக்கா. "உள்ள பேரெல்லாம் இவர் நம்பர் போட்டுட்டார்."

"நம்பர் என்ன சார்?"

"பதிவேட்டில் இருக்கு."

"பதிவேடு எங்க?"

அத்தான் வட்டைக் காட்டினார். மெக்கானிக் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு வட்டைத் திறந்தார். ஒன்று முதல் ஒன்பது வரை ஃபோல்டர்கள். முதலாவது '01 - மிக முக்கியம்'.

"இதுலதான் இருக்கணும்" என்றார்.

அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். ஃபோல்டர் திறந்தது. இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் ஃபைல்கள். முதலாவதைத் தட்டினார். திரை முழுக்க ஒரு சுற்றறிக்கை. பொருள்: கழிவறைக் கதவைச் சாத்துதல் தொடர்பாக. இரண்டாவது: கழிவறைக் கதவைச் சாத்துதல் தொடர்பான சுற்றறிக்கையை மதிக்காமை தொடர்பாக.

நான் இருமினேன். அதைச் சிரிப்பு என்று யாராவது சொன்னால் மறுப்பேன்.

இரண்டாவது ஃபோல்டர், அத்தானின் பிரிவுபசார விழாப் படங்கள். அவர் மாலையோடு நிற்கிறார், அவர் மாலையைக் கழற்றுகிறார், கழற்றிய மாலை. மூன்றாவது, வீட்டு உபகரணங்களின் உத்தரவாதச் சீட்டுகள். மணி இரண்டு ஐந்து.

இந்த நேரத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். அத்தான் பேசவில்லை. காலை எட்டு மணியிலிருந்து வாய் மூடாத மனிதர், கடை வாசலில் இருந்த பிரிண்டர்களை எண்ணுவதுபோல் நின்றுகொண்டிருந்தார். பிறகு மெதுவாக வந்தார்.

"ஏம்மா, நீங்க சாப்பிட்டு முடிக்கலை போலிருக்கே. இவங்களும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. பக்கத்துல போய் டீ குடிச்சிட்டு வரட்டும். நானே உட்கார்ந்து எடுத்துடறேன்."

"தெரியுமாங்க உங்களுக்கு எங்க இருக்குன்னு?" என்றாள் அக்கா.

"தெரியும்னு இல்லே. ஒரு யூகம்."

"சொல்லுங்க."

"நீ டீ..."

"சொல்லுங்க!"

"தேவையில்லைம்மா" என்றார் மெக்கானிக் அம்மா. "சார் நோட்டுல எழுதியிருக்கிற மாதிரி நேத்து ராத்திரி பத்தரைக்கு ஆஃப் பண்ணீங்கன்னா, கடைசியா மாத்தின ஃபைல் அதுவாத்தான் இருக்கும். தேதியை வச்சுத் தேடினா ஆச்சு." தேதியைப் போட்டார். பச்சைக் கோடு ஊர்ந்தது. பாதிக்கு வந்தபோது அத்தான் தொண்டையைச் செருமி, "ஒன்பதுல பாருங்க" என்றார், லாண்டரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அதற்குள் திரையே காட்டிவிட்டது. ஒரே ஒரு ஃபைல். நேற்று இரவு பத்து இருபத்தெட்டு. அதற்குக் கீழே அது குடியிருக்கும் விலாசம், எல்லோரும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில்.

'09 - இதர - பார்த்து நீக்கலாம்.'

மெக்கானிக் அம்மா ஃபைலைத் திறந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டவணை, வரைபடம், நிறுத்தங்களின் பட்டியல், எல்லாம் அப்படியே. அக்கா எழுந்து வந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள். ஐந்தாம் அத்தியாயத்தைக் காட்டச் சொன்னாள். அதுவும் இருந்தது. அந்த அத்தியாயம் எனக்குத் தெரியும். நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கி, கழுத்தை நீட்டிப் பேருந்து வருகிறதா என்று பார்த்து, மற்றவர்களுக்கு அறிவிப்பவர்களைப் பற்றியது. நாலாயிரத்துச் சொச்சம் பேரைக் கவனித்து எழுதியிருந்தாள். அவர்கள் இறங்கிப் பார்ப்பதால் பேருந்து ஒரு நொடிகூட முன்னால் வருவதில்லை என்பது முடிவு.

பிறகு அக்கா அந்த விலாசத்தை இன்னொரு முறை படித்தாள். வாய்விட்டு.

"பார்த்து நீக்கலாம்."

"அது ஒரு பொதுத் தலைப்பு" என்றார் அத்தான். "ஒன்றிலிருந்து எட்டுக்குள் வராத எல்லாம்..."

"பார்த்தீங்களா?"

"என்ன?"

"பார்த்துதானே நீக்கணும். ஒன்பது வருஷத்துல ஒரு பக்கமாவது படிச்சுப் பார்த்தீங்களா?"

அத்தான் நோட்டைப் புரட்டினார். இதற்கு அவரிடம் நடைமுறை எதுவும் இருக்கவில்லை. ஒரு வழியாகக் கையிலிருந்த பென் டிரைவை நீட்டி, "இதுலயே போட்டுக்கலாம், இடம் நிறைய இருக்கு" என்றார்.

"புதுசா ரெண்டு கொடுங்கம்மா" என்றாள் அக்கா, மெக்கானிக் அம்மாவிடம். ஒன்றைக் கைப்பையில் போட்டாள். மற்றதை என் சட்டைப்பையில் போட்டுப் பட்டனை மாட்டிவிட்டாள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு மாட்டுவதுபோல. "உன் கண்ணாடிக் கடையிலேயே இருக்கட்டும். லேபிள் எதுவும் ஒட்டாதே."

*

ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. "ரெண்டு ஐம்பத்திரண்டுக்குப் பதினேழாம் நம்பர் வரும். வெள்ளிக்கிழமை ரெண்டு நிமிஷம் லேட்டா வரும். பாலம் வழியா போறதால அதுதான் சீக்கிரம்." ஒன்பது வருஷம் நிறுத்தத்தில் உட்கார்ந்தவளிடம் யார் வாதாடுவது?

மூவரும் நின்றோம். இரண்டு ஐம்பதுக்கே அத்தானுக்குப் பொறுக்கவில்லை. நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கினார், கழுத்தை நீட்டினார், "வருது, வருது" என்று அறிவித்தார். தண்ணீர் லாரி. மறுபடி இறங்கினார். "இதோ வந்துடுச்சு." வேறு நம்பர். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கைப்பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டாள். அவ்வளவுதான்.

சரியாக இரண்டு ஐம்பத்து நாலுக்குப் பதினேழாம் நம்பர் வந்தது.

மூன்று நாற்பதுக்கு அலுவலகக் கவுண்டரில் ஒருவர் பென் டிரைவை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகி, திறக்கிறதா என்று பார்த்து, பதிவுப் புத்தகத்தில் எழுதி, முத்திரை குத்தி ஒரு ரசீது கிழித்துக் கொடுத்தார். அத்தான் முழு நேரமும் பின்னால் நின்று, முத்திரை கொஞ்சம் சாய்ந்திருப்பதைக் கவனித்தார். ஆனால் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். "ரசீதைக் கொடு, ஃபைல் பண்ணிடறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணாம் ஃபோல்டர்லயே போடறேன்" என்றார்.

அக்கா ரசீதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"வேணாங்க. அங்கே கழிவறைக் கதவு இருக்கு. அதுக்கு இடைஞ்சலா இருக்கும்."